கோமதி கம்பளியில் உடை தைத்து ஜெயிக்கலாமா? இளையோர் நாவலுக்கு உதவி வேண்டும்

கொட்டகலை டீச்சர்:

வணக்கம். நான் தமிழ் டீச்சர். பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வருஷமாக இராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 14 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் வாசிப்பதற்கானது. 30 அத்தியாயம் என்று நினைத்தேன். 26 முடிந்தது. 27-இல் மாட்டிக்கொண்டேன், அதுவும் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட ஒரே கேள்வியால்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோமதிக்கு 17 வயது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். (தோட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் எங்கள் ஆட்கள் எந்த டிவிஷன், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.) அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். காம்பராவில் (லயத்து அறையில்) அம்மாயியின், அதாவது பாட்டியின், பழைய கால் மெஷின் இருக்கிறது. கோமதி அதில் லயத்துப் பெண்களுக்குச் சாரி ஜாக்கெட், பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். காமெண்ட்ஸில் (ஆடைத் தொழிற்சாலையில்) இருந்த அத்தை வழியாக முழு உடுப்பு வெட்டவும் தெரியும். அவளுக்கு டிசைனராக வேண்டும். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் மயங்குவதில்லை. "தைக்கிற பிள்ளை" என்பார்கள், அவ்வளவுதான். அவள் வரைந்த படத்தைப் பார்த்து, "இதுக்கு எத்தனை ஊக்கு வைப்ப?" என்று கேட்கிற கிழவி ஒருத்தி நாவலில் வருகிறாள். அவளை எழுதியபோதுதான் எனக்குச் சந்தோஷம்.

கொழும்பில் இளையோர் ஆடை வடிவமைப்புப் போட்டி ஒன்று (நாவலில் மட்டும் இருக்கிற போட்டி). முதலில் படங்கள் அனுப்ப வேண்டும், பிறகு தைத்த உடை ஒன்று, கடைசியில் 12 பேர் மேடைக்கு. கோமதி அந்தப் 12-க்குள் வந்துவிடுகிறாள். இறுதிச் சுற்றுக்கு அம்மாவின் பழைய கம்பளியையும் இடுப்பில் கட்டுகிற படங்கையும் வெட்டி நீள உடுப்பு ஒன்று தைக்கிறாள். மேடையில் அதைப் பற்றிப் பேசுகிறாள், அரங்கம் எழுந்து நின்று கை தட்டுகிறது. முதல் பரிசு. அந்த அத்தியாயத்தை ஒரே இராத்திரியில் எழுதினேன், அழுதுகொண்டே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த வாரம் ஃபோட்டோ கொப்பி எடுத்து வகுப்பில் கொடுத்தேன். கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், கோமதி இதைப் போட்டுக்கிட்டு ஹட்டன் டவுனுக்குப் போவாளா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. போக மாட்டாள். நிச்சயமாகப் போக மாட்டாள். இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு, மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அவர்களுடைய அம்மாமார் மழைக்குப் பிளாஸ்டிக் ஷீட்தான் போடுகிறார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனவர்கள் என் அம்மாயி காலத்து ஆட்கள். நான் என்னுடைய ஞாபகத்தை ஒரு 17 வயதுப் பிள்ளையின் தோளில் போர்த்திவிட்டேனோ என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். கம்பளி உடையை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? மேடையில் நடுவர்கள் உண்மையில் என்ன கேட்பார்கள்? அப்புறம் 26-ஆம் அத்தியாயத்தில் மேடைக்கு இன்னொரு உடுப்பாக அவள் இரண்டு மீட்டர் சாட்டினில் கணுக்கால் வரை வட்டப் பாவாடை வைத்த கவுன் ஒன்றை ஒரே இராத்திரியில் தைத்து, விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுகிறாள். கம்பளிக்கும் சாட்டினுக்கும் ஒரே ஊசிதான். தையல் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் நல்லது. சாதாரண தரம் எழுதிவிட்டு நானும் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனவள்தான். நான் தைத்த முதல் சட்டைக்கு இரண்டு கையும் இடது கை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பண்டாரவளை டெய்லர்:

டீச்சருக்கு வணக்கம். நான் கதை வாசிக்கிற ஆள் இல்லை. மகள் காட்டினாள், வாசித்தேன். 38 வருஷமாகத் தைக்கிறேன். கம்பளி வேண்டுமா வேண்டாமா என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பாவாடைதான் தொண்டையில் நிற்கிறது.

இரண்டு மீட்டரில் வராது டீச்சர். கணக்குப் பாருங்கள். அவளுக்கு இடுப்பு 26 அங்குலம் என்று வையுங்கள். நாங்கள் இடுப்பை ஆறால் வகுப்போம், நாலு அங்குலம் சொச்சம் வரும். அதுதான் நடுவில் வெட்டுகிற வட்டத்தின் ஆரம். கணுக்கால் வரை நீளம் 38. இரண்டையும் கூட்டினால் 42, மடிப்புக்கு ஒன்று சேர்த்தால் 43. சாட்டின் 45 அங்குல அகலம் என்றால் அரை வட்டம் ஒன்று அதில் சரியாக அடங்கும். ஆனால் அந்த ஒரு அரை வட்டத்துக்கே 86 அங்குல நீளம் போகும். இரண்டு அரை வட்டத்துக்கு 172. நான் என்றால் பாவாடைக்கு மட்டும் நாலரை மீட்டர் எடுப்பேன். மேல் சட்டைக்கு வேறு.

அதைவிடப் பெரிய பிழை, ஒரே இராத்திரியில் முடிப்பது. வட்டப் பாவாடையில் துணி சில இடத்தில் நேராக விழும், சில இடத்தில் குறுக்காக, மூலைவாட்டில் விழும். குறுக்காக விழுகிற இடம் தன் பாரத்திலேயே தொங்கி நீளும். அதனால் இடுப்பை மட்டும் தைத்துவிட்டு ஓர் இராத்திரி, முடிந்தால் இரண்டு இராத்திரி, மாட்டித் தொங்கவிட வேண்டும். பிறகுதான் ஆளை நிற்க வைத்துத் தரையிலிருந்து அளந்து கீழ்மடிப்பு அடிப்பது. உங்கள் கோமதி தைத்த கையோடு மடித்துப் பையில் வைத்துவிட்டாள். மேடையில் ஏறும்போது ஒரு பக்கம் கணுக்கால் தெரியும், மறுபக்கம் கால் தடுக்கும். கெட்டிக்காரப் பிள்ளை இதைச் செய்ய மாட்டாள். அவசரப்பட்டவள் செய்வாள். அவள் தோற்க வேண்டுமென்றால் இப்படியே விடுங்கள், நான் நம்புவேன்.

சாட்டினுக்கு 11-ஆம் நம்பர் ஊசி. கம்பளிக்கு 16 அல்லது 18. இரண்டையும் ஒரே ஊசியில் தைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்டினில் நூல் இழுத்து வரி வரியாகத் தெரியும். புது ஊசி வாங்கக் காசில்லை என்றால் அதை எழுதுங்கள், ஊசிக்காக அவள் டவுனுக்கு நடக்கட்டும்.

அத்தை காமெண்ட்ஸில் இருந்ததால் கோமதிக்கு முழு உடுப்பு வெட்டத் தெரியும் என்று ஓர் இடத்தில் வருகிறது. அப்படி இல்லை. 1992-இல் பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது நாடு முழுக்க 200 ஆடைத் தொழிற்சாலை என்று திட்டம் வந்ததே, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் காமெண்ட்ஸுக்குப் போனார்கள். என் மச்சினிச்சி எட்டு வருஷம் இருந்தாள். எட்டு வருஷமும் இடது பக்கப் பாக்கெட் வைத்தாள். வலது பக்கம் வேறு ஆள். கை வேகம் வரும், இலக்கு வரும். ஆனால் ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசி வரை வெட்டித் தைக்க அங்கே யாரும் கற்றுத் தருவதில்லை. அத்தை கோமதிக்கு வேகத்தைக் கொடுக்கலாம். வெட்டு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

எங்கிருந்து என்று கேட்டால், கொழுந்து எடுக்கிற பெண்களின் ஜாக்கெட்டிலிருந்தே வரலாம். அவர்களுக்குத் தைக்கிற எவனுக்கும் தெரியும், முதலில் கிழிகிற இடம் கக்கம். நாள் முழுக்கக் கையை முன்னால் நீட்டிப் பறித்து, தோளுக்கு மேலால் கூடைக்குள் போடுகிறார்கள். சாதாரண வெட்டில் தைத்தால் அந்த வீச்சைத் துணி தாங்காது. அதனால் கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, மூலை மேலே வருகிற மாதிரி வைத்துத் தைப்போம். கையைத் தூக்கினால் அது விரியும், இறக்கினால் மடிந்து மறைந்துவிடும். என் அப்பா செய்தது. நான் தைக்கிற சாரி ஜாக்கெட்டில் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை, போடுகிறவர்களைத் தவிர.

இன்னொன்று. கதையை 2022-இல் வையுங்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது. என் கடையில் மூன்று மோட்டார் மெஷினும் சும்மா கிடந்தன. மூலையில் சாமான் அடுக்கி வைத்திருந்த கால் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன், கடையை அதுதான் ஓட்டியது. ஸ்திரிக்கைக்குச் சிரட்டைக்கரிப் பெட்டி. சிங்கர் மெஷின் இந்த நாட்டுக்கு வந்தது 1877-இல் என்பார்கள். அந்தக் காலத்து வேலைப்பாடு, கரண்டையும் கேட்காது, டாலரையும் கேட்காது. கொழும்புப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கோமதி மெழுகுதிரி வைத்துத் தைப்பாள்.

பொகவந்தலாவை மகள்:

டீச்சர், என் அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். நான் இப்போது வத்தளையில் வேலை செய்கிறேன். உங்கள் 27-ஆம் அத்தியாயத்தைப் பற்றி வாசித்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கோபமா என்று கேட்டால் முழுக்கக் கோபமும் இல்லை.

படங்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செடியில் கிழிபடாமல், பனியில் நனையாமல் இருக்க இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றிக் கட்டுவது. கொழுந்துக் கறை ஏறி ஏறிக் கறுத்துப் போயிருக்கும். மடிப்புக்குள் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கும். அம்மா அதை ஒரு நாளும் காம்பராவுக்குள் கொண்டுவந்ததில்லை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஓர் ஆணி, அதில் மாட்டுவார். பிறகு கால் கழுவி, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அந்த ஆணியோடு வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை வெட்டி உடுப்பாக்கி, அதுவும் மகள் மேடையில் ஏற்றினால் என் அம்மா கை தட்டியிருக்க மாட்டார். "ஏன்டி, என் நல்ல சாரி பெட்டியிலதானே இருந்துச்சு?" என்று கேட்டிருப்பார்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் கலாசார நாள் என்று ஒன்று வைத்தார்கள். ஒரு பிள்ளை கொழுந்துக்காரி வேஷம். சிவப்புச் சாரி, பூ, குட்டிக் கூடை. நான் மலையகம் என்று தெரிந்ததால் கூடைக் கயிற்றைக் கட்டிவிடச் சொன்னார்கள். அவள் கயிற்றை நெற்றியில் வைத்திருந்தாள். உச்சந்தலைக்கு இழுத்துச் சரிசெய்து கொடுத்தேன். என் அம்மாவுக்குக் கயிறு பதிந்த இடத்தில் முடி இல்லை. அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

தோட்டத்தில் பெண்கள் உடுப்பைப் பற்றிக் கனவு காண்பது எப்போது? தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற வாரம். அதை எடுத்துக்கொண்டு டவுனில் புடவைக்கடைக்குப் போவோம். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். சம்பளம் 1000 ரூபாய் என்று 2021-இல் வர்த்தமானி வந்தது. ஆனால் மழை நாளில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அந்தக் காசில் வாங்கின துணியைப் பிழையாக வெட்டிவிட்டால் தைக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? போட்டியை விட எனக்கு அந்தப் பயம் பெரிதாகத் தெரிகிறது. கோமதி முதன்முதலாக அடுத்தவர் துணியில் கத்தரி வைக்கிற இடத்தை எழுதியிருக்கிறீர்களா?

டெய்லர் அண்ணன் சொன்ன கக்கத் துண்டு என் அம்மாவின் ஜாக்கெட்டிலும் இருந்தது. வேறு நிறத்தில் இருக்கும், மிச்சத் துணி போல. கிழிந்ததற்கு ஒட்டுப் போட்டது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளை நூல்:

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபெஷன் டிசைன் படித்தேன். அதற்கு உயர்தரப் புள்ளி மட்டும் போதாது, தனியாக உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும். கோமதிக்கு இந்த வழி இருப்பதே தெரியாது என்றால், அதைச் சொல்ல நாவலில் யாராவது ஒருவர் வரட்டும். எனக்குச் சொன்னது ஒரு பக்கத்து வீட்டு அக்கா.

நடுவர்கள் என்ன கேட்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் கொப்பியைக் கேட்பார்கள். எங்கே ஆரம்பித்தாய், எதை வரைந்து எதை அடித்தாய், மலிவான துணியில் முதலில் வெட்டிப் பார்த்தாயா, அந்த மாதிரித் துணி எங்கே? பிறகு உடுப்பை உள்பக்கம் திருப்புவார்கள். தையல் ஓரம் எப்படி முடிந்திருக்கிறது, லைனிங் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓவர்லாக் மெஷின் இல்லாத பிள்ளை ஓரத்தை எப்படி மூடினாள் என்பதே நல்ல காட்சி. இதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். கோமதிக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும், ஆங்கிலம் தடுமாறும். உங்கள் சுருக்கத்தில் அவள் மேடையில் அழகாகப் பேசிவிடுகிறாள் போல இருக்கிறது. நான் என் முதல் விளக்கத்தில் "திஸ் இஸ் ஸ்லீவ்" என்று மூன்று தரம் சொன்னேன்.

கம்பளி விஷயத்தில் என் சங்கடம் வேறு மாதிரி. நடுவர்களுக்கு அது பிடிக்கும். மிகவும் பிடிக்கும். அதுதான் பிரச்சினை. நான் மாத்தளைக்காரன். அலுவிஹாரையில் ஈனா டி சில்வாவின் பத்திக் வேலைகளைப் பார்த்து வளர்ந்தேன். கண்டிப் பக்கம் வந்தால் தும்பறை நெசவு இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேசும்போது கோடு, நிறம், நூல், கட்டம் என்று பேசுவார்கள். தேயிலைத் தோட்டம் என்றதும் பேச்சு மாறி, "பாவம்" என்று ஆகிவிடும். கோமதியின் உடுப்பைப் பார்த்து அழுகிறவர்கள் அதன் வெட்டைப் பார்க்க மாட்டார்கள். 17 வயதில் எனக்கு யாராவது வெட்டைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை இருந்தது.

கக்கத் துண்டோ நடுவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற சாமான். மேடையில் நடக்கிற பெண் கையை மேலே தூக்கினால், கவுனின் இடுப்பு ஏறாமல் கை மட்டும் ஏறும். தெரிந்தவர்களுக்கு அது உடனே கண்ணில் படும். இதை அவள் எங்கே படித்தாள் என்று கேட்பார்கள்.

கம்பளியை விட மனமில்லை என்றால் ஒரு யோசனை. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கித் தடிக்கும். அப்புறம் வெட்டினாலும் நூல் பிரியாது. காலருக்குள், வெளியே தெரியாத இடத்தில், விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸுக்குப் பதிலாக வைக்கலாம். யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஹட்டன் வாசகி:

டீச்சர், நான் ஏ.எல். படிக்கிறேன். கதை நல்லா இருக்கும் போல இருக்கு, ஆனா கோமதின்னு எங்க வயசுல யாரும் இல்ல. எங்க வகுப்புல டிலுக்ஷி, சதுர்ஷிகா, கிரிஷாந்தினி இப்படித்தான் பேரு. கோமதி எங்க பெரியம்மா பேரு. அப்புறம் அவ ஃபோன்ல எதுவும் பார்க்கவே மாட்டாளா? நாங்க எல்லாம் சட்டை டிசைன் ஃபோன்ல பார்த்துத்தான் தைக்கக் கொடுப்போம். வந்த பிறகு அது மாதிரியே இருக்காது, அது வேற கதை.

தோத்தாலும் பரவாயில்ல. ஆனா தோத்ததுக்கு அப்புறம் பிள்ளை வீட்டுக்கு வந்து "குடும்பம்தான் முக்கியம்"னு சொல்ற மாதிரி மட்டும் முடிக்காதீங்க ப்ளீஸ்.

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

27-ஐ எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை, வேறு கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். என் அம்மாயியைப் பற்றி என்றாவது எழுதினால் உதவும். அது அவருடைய கம்பளி. கோமதி அதை வாங்கவும் இல்லை, நனையவும் இல்லை.

பொகவந்தலாவைத் தங்கச்சி, நீங்கள் கேட்ட காட்சி நாவலில் இல்லை. 26 அத்தியாயம் எழுதியிருக்கிறேன், ஒரு இடத்தில்கூட அவள் அடுத்தவர் துணியை வெட்டப் பயப்படவில்லை. வெட்கமாக இருந்தது. நேற்று இராத்திரி எழுதினேன். தீபாவளிக்கு முதல் வாரம், மேட்டு லயத்துப் பெண்ணின் ஜாக்கெட் துணி, முற்பணக் காசு. கோமதி கத்தரியை எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் அம்மாவை எதிரே உட்கார வைத்துவிட்டு வெட்டுகிறாள். இரண்டும் இடது கையாக வந்துவிடுகிறது. (என் அனுபவம் ஒரு வழியாகப் பிரயோசனப்பட்டது.) மிச்சத் துணியைக் கணக்குப் பார்த்துப் பிழையை எப்படி மறைக்கலாம் என்று தேடும்போதுதான் கக்கத் துண்டு அவள் கையில் வருகிறது. ஆக அது நாலாம் அத்தியாயத்தில் விழுகிறது, இறுதிச் சுற்றில் திரும்ப எழுகிறது. நீள உடுப்பும் இல்லை, கணுக்கால் வட்டமும் இல்லை. முழங்காலோடு நிற்கிற ஒரு கவுன், ஹட்டன் டவுனுக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடியது. கேள்வி கேட்ட பிள்ளையிடம் படம் போட்டுக் காட்டினேன். "கை நல்லா இருக்கு, நிறம் சரியில்ல" என்றாள்.

ஜெயிப்பாளா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பெயரை மாற்றுகிறேன், ஆனால் சதுர்ஷிகா என்று 300 பக்கம் எழுதக் கை வலிக்கும், சின்னப் பெயராகச் சொல்லுங்கள்.

டெய்லர் அண்ணன், உங்களிடம் ஒன்று. 2022-இல் வைத்துவிட்டேன். கரண்ட் இல்லாத இராத்திரி, விடிந்தால் ரயில், மெஷின் பெல்ட் அறுகிறது. டவுனுக்குப் போக பஸ் இல்லை, டீசல் இல்லாத காலம். அவள் என்ன செய்வாள்? அதோடு வேலை நின்றுவிடுமா?

பண்டாரவளை டெய்லர்:

நிற்காது டீச்சர். தோல் பெல்ட் பழசானால் முதலில் இழுபடும், அப்புறம்தான் அறும். சக்கரம் சுற்றும், ஊசி நிற்கும், அதுதான் அடையாளம். மழை நாளில் இன்னும் மோசம். அதனால் அதற்கு முந்தின அத்தியாயத்திலேயே ஊசி இரண்டு தரம் நிற்கட்டும், அவள் பெல்டில் தேன்மெழுகைத் தேய்த்துவிட்டுத் தைக்கட்டும்.

அறுந்தால், அறுந்த நுனி இரண்டையும் நேராக வெட்டி, ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்துக் கோர்த்துத் தட்ட வேண்டும். பெல்ட் கட்டையாகிவிடும், மெஷின் கொஞ்சம் இறுக்கமாக ஓடும், கால் வலிக்கும். கம்பி இல்லாவிட்டால் கொண்டை ஊசி போதும். ஆனால் கொக்கி சக்கரத்தில் ஏறுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு அது கேட்கும். அந்த இராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள், அதையும் எழுதிவிடுங்கள்.